ஐந்தாவது ஏன்

காட்டுப்பாக்கம் அன்னபட்சி என்க்ளேவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் இருந்தார். சில வீடுகளில் இரண்டு பேர். ஆகவே ஆயுத பூஜை முடிந்த கையோடு குடியிருப்போர் சங்க அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது, அதைச் சரி பண்ண ஆள் கிடைக்காமல் போக வழியே இல்லை. ஆள் கிடைத்ததுதான் தொல்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் சி பிளாக் உஸ்மான் கனி. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோ பிரேம் கடை வைத்திருக்கிறார். மகள் மர்வாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அதற்காகச் சங்கத்தின் ஹாலை எப்போதோ பதிவு செய்துவிட்டார். பதிவுச் சீட்டைக் காட்டினால் காவலாளி துலுக்கானம் ஹாலைத் திறப்பார். அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டர்தான் தர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் அதை வாங்கிக்கொள்ளலாமென்று அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

அலுவலகத்தில் இருப்பது அனுசுயா ஒருத்திதான். கம்ப்யூட்டருக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டம் ஆன் ஆகல பாய்."

"கரண்டு இல்லியாம்மா?"

"மேல பாருங்க, ஃபேன் சுத்துது. இது மட்டும் பட்டன அமுக்கினா லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. பூஜை அன்னிக்கு நீங்க சீட்டு கேட்டு வந்தப்பக்கூட ஓடிட்டுதான் இருந்துச்சு. சாயந்திரம் ஏதோ தீயற வாசனை வந்துச்சு. சாம்பிராணின்னு நெனச்சிட்டேன்."

"சரி, கையால ஒண்ணு எழுதிக் குடும்மா. ஞாயித்துக்கெழமை நான்தான்னு ஊருக்கே தெரியும்."

"நாம பேப்பர்லெஸ் பாய். கையால எழுதக் கூடாது."

"நீ குடுக்கற சீட்டும் பேப்பர்தானே?"

"அது பிரிண்ட்டு."

போன வருடம் 'காகிதமில்லாச் சங்கம்' என்று ஒரு விழா எடுத்து, பழைய பதிவேடுகளையெல்லாம் எடைக்குப் போட்டிருந்தார்கள். விழாவுக்கான அழைப்பிதழை மட்டும் கனத்த அட்டையில் தங்க எழுத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

"ஒண்ணு பண்ணுங்க பாய். சங்கத்து ஆப்ல ஒரு புகார் போட்டுடுங்க. அப்பதான் கமிட்டி கூடுவாங்க."

உஸ்மான் கனி போனை எடுத்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தொறக்கவே மாட்டேங்குதேம்மா."

"தொறக்காது பாய். ஆப்பும் இந்த சிஸ்டத்துலதான் ஓடுது."

"அப்ப புகார எப்படிப் போடறது?"

"சிஸ்டம் சரியானதும் போடலாம்," என்றாள் அனுசுயா. அவள் கேலி செய்யவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அப்படித்தான்.

வீட்டுக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது ஷம்ஷாத் புடவைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிய வேற ஹால் பாக்கலாமா?" என்றார் உஸ்மான் கனி.

"நாளன்னிக்கு நிச்சயத்துக்கு இன்னிக்கு எவன் ஹால் குடுப்பான்? அப்படியே கெடச்சாலும் சம்பந்திக்கு என்ன பதில் சொல்லுவீங்க? அவங்க ஊர்லயே வெக்கலாம்னுதானே சொன்னாங்க. நீங்கதானே, எங்க அடுக்ககத்துலயே ஹால் இருக்கு, எல்லாம் பேசியாச்சுன்னு மார் தட்டினீங்க."

மேல்விஷாரத்து சம்பந்தி முதல் நாளே சொல்லியிருந்தார்: நகை நட்டு பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை, சொன்னது சொன்னபடி நடந்தால் போதும். இதற்கு முன்னால் பார்த்த ஓர் இடத்தை, வருகிறோமென்ற நேரத்துக்கு அவர்கள் வரவில்லையென்று விட்டுவிட்டவர் அவர். மர்வாவுக்கும் அந்தப் பையன் ராஷித்துக்கும் ஒருவரையொருவர் பிடித்துப் போயிருந்தது. அது வேறு கவலை.

"தலைவர்கிட்ட நேரா போங்க," என்றாள் ஷம்ஷாத். "பத்திரிகை குடுத்தப்ப, குடும்பத்தோட வருவேன்னாரு இல்ல? கதவத் தொறந்தாதானே வர முடியும்?"

அன்று மாலை கமிட்டி கூடியது. தலைவர் ரவிச்சந்திரன் ஏதோ ஓர் அரசுத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் ஸ்ரீநாத் பெரிய மென்பொருள் கம்பெனியில் மேலாளர். மேலாளர் என்றால், மற்றவர்கள் செய்கிற வேலை எதுவரை வந்திருக்கிறதென்று கேட்பவர். தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு சரவணக்குமார். மூன்று பேரும் அலுவலகத்தில் ஒரே மேசையில் அருகருகே உட்கார்ந்து, ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் வீடியோ காலில் பேசினார்கள். ஒருவர் பேசியது முதலில் நேராகவும் பிறகு லேப்டாப் வழியாகவும் கேட்டது.

"வணக்கம். நான் ஸ்ரீநாத். கேக்குதா?"

"கேக்குது," என்றார் பக்கத்தில் இருந்த சரவணக்குமார்.

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா," என்று உஸ்மான் கனி ஆரம்பித்தார்.

ஸ்ரீநாத் ஹெட்போனைக் கழற்றினார். "பாய், நீங்க கால்ல இல்ல. கால்ல இல்லாம பேசினா பதிவாகாது."

பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட பயனாளர் என்று பெயர் போட்டார்கள்.

"சொல்லுங்க பாய். நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?"

"சீட்டு."

"என்ன நடந்துச்சு?"

"சீட்டு வரல."

"பயனாளர் சீட்டு எதிர்பார்த்தார், சீட்டு வரவில்லை," என்று ஸ்ரீநாத் சொல்லிக்கொண்டே தட்டினார். "வெரி குட். நல்ல தெளிவு. ஆபீஸ்ல எங்க பசங்களுக்கே இவ்வளவு தெளிவா சொல்ல வராது."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்கு?"

"அதுக்குள்ள போகாதீங்க பாய். அது தீர்வு. நாம இன்னும் பிரச்சனையிலதான் இருக்கோம்."

உஸ்மான் கனி தலைவர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குத் தெரியும். பத்திரிகை குடுத்தேனே."

"நன்றாகத் தெரியும் பாய்," என்றார் ரவிச்சந்திரன். அவர் எதையும் மேடையில் பேசுவது போலத்தான் பேசுவார். "உங்கள் பத்திரிகை என் வீட்டு பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. என் மனைவி புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். நீங்கள் ஹாலைப் பதிவு செய்தபோது நானே பக்கத்தில் இருந்தேன். ஆனால் பாருங்கள், எனக்குத் தெரிவது வேறு, சங்கத்துக்குத் தெரிவது வேறு. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு நாளும் ஒரு முடிவும் எடுத்ததில்லை. அதனால்தான் ஒரு கறையும் இல்லாமல் ஓய்வு பெற்றேன்."

அதற்கு மற்ற இருவரும் கை தட்டினார்கள். லேப்டாப்பிலும் தட்டல் கேட்டது.

சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. உஸ்மான் கனி கடையை அடைத்துவிட்டு வந்து நின்றார். சாட்சிக்கு ஒரு பயனாளர் வேண்டுமாம்.

சரவணக்குமார் கைகளை உரசிக்கொண்டார். "பாய், எனக்குக் கீழ ஆயிரக்கணக்குல சர்வர் ஓடுது. தெரியுமா?"

"எங்க சார்?"

"அது தெரியாது. அயர்லாந்துன்னு நெனைக்கிறேன். இத்தனை வருஷமா ஃபீல்டுல இருக்கேன், ஒண்ணையும் நேர்ல பாத்ததில்ல. பாக்கணும்னு அவசியமே வந்ததில்ல. இதுவே ஒரு நல்ல அனுபவம்தான்."

மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அத்தனை நிபுணர்கள் வீட்டிலும் கேட்டாகிவிட்டது. ஒன்றுகூட இல்லை. கடைசியில் துலுக்கானம் தன் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இந்தா நைனா. வண்டியாண்ட இருந்துச்சு. முனை ஒடிஞ்சி கீது, பாத்துத் திருப்பு."

திருகாணிகளின் மேல் பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. துடைக்கலாமா என்று ஸ்ரீநாத் பார்வையால் கேட்டார். தலைவர் ஒரு கணம் கண்ணை மூடி நின்று, தலையசைத்தார்.

சரவணக்குமார் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். அதில் ஒரு பையன் இந்தியில் சொல்லச் சொல்ல, அவரும் செய்தார். சுவர் சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகினார். சார்ஜ் ஏறியது. ஒயரை மாற்றினார். பயனில்லை. பிறகு கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி, அதைச் சோதிக்க வேண்டுமென்றான் பையன். அதன் பச்சை ஒயர் துளையையும் கறுப்பு ஒயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், பெட்டியின் சிறிய விசிறி சுற்ற வேண்டும்.

பேப்பர் இல்லாத அலுவலகத்தில் பேப்பர் கிளிப் ஏது. அனுசுயா கொண்டையிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஊசியைச் செருகினார் சரவணக்குமார். விசிறி அசையவில்லை.

"எஸ்.எம்.பி.எஸ். போச்சு," என்றார். தன் வாயாலேயே அதைச் சொன்னது அவருக்கு ஆச்சரியமாயிருந்தது.

பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து பொரி கொட்டியது. வெள்ளைப் பொரி, பழுப்பாய்க் கருகிய பொரி, சில பொட்டுக்கடலை, ஒரு சந்தன உருண்டை. விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே பொரி கெட்டியாய் அடைத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"சார், பொரி," என்றாள் அனுசுயா.

"அனுசுயா, அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது," என்றார் ஸ்ரீநாத். "இப்போதைக்கு அது ஒரு அப்சர்வேஷன். அவ்வளவுதான்."

புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போனிலேயே வரவழைத்தார்கள். பையன் சொன்னபடி மாட்டினார்கள். பட்டனை அமுக்கியதும் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. மூன்று பேரும் கம்ப்யூட்டரோடு படம் எடுத்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். வாழ்த்துகள் குவிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டர் விட்டு விட்டுப் பீப் என்று முனகியது.

"போர்டும் அடி வாங்கியிருக்கு," என்றார் சரவணக்குமார். "எஸ்.எம்.பி.எஸ். தனியா சாகல. கூட ஒண்ண இழுத்துகிட்டுப் போயிருக்கு."

"அப்ப என் பதிவு போச்சா சார்?"

"சேச்சே. அது டிஸ்க்ல இருக்கு பாய். டிஸ்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அதைக் கழட்டி வேற ஏதாவது கம்ப்யூட்டர்ல சொருகினா அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

உஸ்மான் கனிக்கு உயிர் வந்தது. "அப்ப கழட்டிடலாம் சார்."

"கூடாது," என்றார் ஸ்ரீநாத். "முதல்ல ரூட் காஸ் வரணும். மூல காரணம். அப்புறம்தான் கை வைக்கணும்."

"சரியானா போதாதா சார்?"

"காரணம் தெரியாம சரியாயிடுச்சுன்னா, அது ஏன் சரியாச்சுன்னு எப்படித் தெரியும் பாய்? தெரியாமலே ஒரு விஷயம் சரியா நடந்துகிட்டு இருந்தா அதைவிட ஆபத்து என்ன இருக்கு?" அவர் மனமுருகிச் சொன்னார். "எங்க ஆபீஸ்ல ஒரு பையன் இப்படித்தான், யாரையும் கேக்காம ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணிட்டான். இப்ப அவன் அங்க இல்ல. மூல காரணக் கூட்டம் நாளைக்குக் காலைல."

"நாளைக்குத்தான் சார் நிச்சயம்."

"எல்லாருக்கும் லீவு நாளைக்குத்தான் பாய்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஷம்ஷாத் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேல்விஷாரத்திலிருந்து இரண்டு வேன் கிளம்பியாயிற்று என்று செய்தி வந்துவிட்டது. சமையல்காரர் பிரியாணி தேக்ஷாவை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடுக்ககத்துக் கார் நிறுத்துமிடத்திலாவது நாற்காலி போடலாமென்று அவள் இறங்கி வந்தபோது, ஹால் திறந்திருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் துலுக்கானம்.

"எப்படித் தொறந்தீங்க?" என்றாள். "சீட்டு வந்துருச்சா?"

"சீட்டாவது ஒண்ணாவது. உள்ள மீட்டிங்கு நடக்குதும்மா. ஆபீஸ் ரூம்ல ஏசி இல்லன்னு இங்க வந்துகினாங்கோ."

"அவங்களுக்கு மட்டும் சீட்டு வேணாமா?"

"மீட்டிங்குக்கு இன்னாத்துக்கு சீட்டு? நிச்சயம், காதுகுத்து, பொறந்த நாளுன்னாதான் சீட்டு. மீட்டிங்னா தொறன்னு வாயால சொன்னா போதும். எனக்கு ஆர்டர் அப்டிதான் கீது."

ஷம்ஷாத் முக்காட்டைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாள். முன் வரிசையில் கமிட்டி மூவரும் அனுசுயாவும் உட்கார்ந்திருந்தார்கள். மீதி நாற்காலிகள் காலி.

"ஸ்ரீநாத் சார், இந்தக் கூட்டத்துக்கு யார் யாரெல்லாம் வரலாம்?"

"பாதிக்கப்பட்டவங்க யார் வேணா வரலாம்மா. நாங்க திறந்த மனசோடதான் இருக்கோம். என்ன பண்றது, ஒருத்தரும் வர்றதில்ல."

"வராங்க சார்," என்றாள் ஷம்ஷாத். "ரெண்டு வேன்ல வந்துகிட்டு இருக்காங்க."

அரை மணி நேரத்தில் ஹால் நிரம்பியது. சரிகை முக்காடுகளும் தொப்பிகளும் குழந்தைகளும் வெற்றிலைத் தட்டுகளும் வந்தன. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஸ்ரீநாத் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்து, கண் கலங்கிப் போய் உட்கார்ந்தார். அவருடைய வாழ்நாளில் ஒரு மூல காரணக் கூட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தவர்கள்கூட உண்டு.

சம்பந்தி முதல் வரிசையில் அமர்ந்தார். நெடிய மனிதர், தாடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய கூட்டத் திரையையும் கமிட்டியையும் பார்த்தார். "இவங்கள்லாம் யாரு சம்பந்தி?"

உஸ்மான் கனி ஷம்ஷாத்தைப் பார்த்தார். ஷம்ஷாத் சொன்னாள்: "எங்க சங்கத்துக்காரங்க அண்ணே. நம்ம விஷயமாத்தான் காலைலேருந்து உக்காந்திருக்காங்க."

ஸ்ரீநாத் தொடங்கினார். "அனைவருக்கும் வணக்கம். இந்த முறைக்கு 'ஐந்து ஏன்' என்று பெயர். விடாமல் ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், ஐந்தாவதில் உண்மை வந்து நின்றே தீரும். முதல் ஏன். கம்ப்யூட்டர் ஏன் ஆன் ஆகவில்லை?"

"எஸ்.எம்.பி.எஸ். போச்சு," என்றார் சரவணக்குமார்.

"ரெண்டாவது ஏன். அது ஏன் போச்சு?"

"சூடாயிடுச்சு."

"மூணாவது. ஏன் சூடாச்சு?"

"விசிறி நின்னுடுச்சு."

"நாலாவது. விசிறி ஏன் நின்னுச்சு?"

சரவணக்குமார் தலைவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பொரி," என்றார்.

"ஐந்தாவது ஏன்," என்று சொல்லிவிட்டு ஸ்ரீநாத் நிறுத்தினார். பின்னால் திரையில் ஆயுத பூஜைப் படம் வந்து நின்றது. மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். காற்றுக்காக விட்டிருந்த சல்லடைத் துளைகள் மேலே பார்த்தபடி இருந்தன. அதன்மேல் தலைவர் ரவிச்சந்திரன் இரண்டு கையாலும் பொரியைத் தூவி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் அத்தனை பேரும் அந்தப் படத்துக்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"அந்தப் படத்துல இருக்கறவருதானே அதோ உக்காந்திருக்காரு?"

தலைவர் எழுந்தார். "ஒரு விளக்கம். தூவியது ரவிச்சந்திரன் அல்ல. தூவியது தலைவர். தலைவர் என்பது ஒரு பதவி. பதவி தவறு செய்வதில்லை. தவிரவும் நான் மேலே தூவினேன். அது உள்ளே போனது பொரியின் சொந்த முடிவு. என் பணிக்காலத்தில் எத்தனையோ விஷயங்கள் உள்ளே போயிருக்கின்றன. எதையும் நான் போட்டதாக நிரூபிக்க முடியவில்லை."

"கரெக்ட் சார்," என்றார் ஸ்ரீநாத். "நாம வேற கிளையில போய்ட்டோம். மறுபடி வரலாம். முதல் ஏன். பொரி விழுந்தப்ப விசிறி ஏன் சுத்திட்டு இருந்துச்சு?"

"சிஸ்டம் ஓடிட்டு இருந்துச்சு," என்றார் சரவணக்குமார்.

"ஏன் ஓடிச்சு?"

எல்லோரும் அனுசுயாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார் அணைக்கல."

"ஏன் அணைக்கல?"

"பாய் சீட்டு கேட்டு வந்தாரு. பூஜை முடிஞ்சதும் தரேன்னு சொல்லியிருந்தேன்."

"பாய் ஏன் சீட்டு கேட்டார்?"

"ஹாலத் தொறக்க."

"ஹால ஏன் தொறக்கணும்?"

"மர்வா நிச்சயத்துக்கு."

"ஐந்தாவது ஏன் முடிந்தது," என்றார் ஸ்ரீநாத். மூச்சு விட்டார். தட்டினார். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: மூல காரணம், மர்வா நிச்சயதார்த்தம்.

சம்பந்தி அதை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் பின்னால் இரண்டு வேன் ஆட்களும் எழுந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மர்வா அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க இதுல?" என்றார் சம்பந்தி. "எங்க நிச்சயத்தாலதான் கெடுதல் வந்துச்சுன்னா?"

உஸ்மான் கனி ஓடிப்போய் ஸ்ரீநாத்தின் லேப்டாப்புக்கு முன்னால் நின்றார். "அதை அழிங்க சார். என் பேரப் போட்டுக்குங்க. உஸ்மான் கனின்னு போடுங்க. கம்ப்யூட்டர் போனதுக்கும் நான்தான், கரண்டுக்கும் நான்தான். நான் எங்க வேணா ஒத்துக்கறேன். என் பொண்ணு காரியத்த அதுல எழுதாதீங்க."

"பாய், இது குற்றச்சாட்டு இல்ல. யாரையும் நாங்க குறை சொல்றதில்ல."

"பரவால்ல சார். என்னையச் சொல்லிக்குங்க."

ஸ்ரீநாத் மாற்றினார். மூல காரணம், உஸ்மான் கனி.

சம்பந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "செய்யாத ஒண்ண நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்ட ஹால் இருக்குன்னு வார்த்தை குடுத்துட்டேன் சம்பந்தி," என்றார் உஸ்மான் கனி. "ஹாலு இவங்ககிட்ட இருக்கு."

சம்பந்தி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"மிக்க மகிழ்ச்சி," என்றார் ஸ்ரீநாத். "காரணம் கிடைத்தது, சம்பந்தப்பட்டவரே ஏற்றுக்கொண்டார். விவகாரம் முடிக்கப்படுகிறது. கூட்டம் கலைகிறது. ஹாலை எல்லோரும் காலி பண்ணணும். துலுக்கானம், பூட்டிடுங்க."

துலுக்கானம் பூட்டோடு உள்ளே வந்தார். தேக்ஷாவின் மூடியில் போட்ட மாவுப் பூச்சு இன்னும் உடைக்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ பிரார்த்தனைக்குக் கை ஏந்தக்கூட இல்லை.

"ஏன்?" என்றார் சம்பந்தி.

அவர் கோபத்தில்தான் கேட்டார். ஆனால் ஸ்ரீநாத்தின் விரல்கள் தாமாகவே லேப்டாப்புக்குத் திரும்பின.

"கேள்வியா சார்?"

"கேள்விதான்."

"கேள்வி இருந்தா முடிக்க முடியாது," என்றார் ஸ்ரீநாத். "துலுக்கானம், இருங்க. சொல்லுங்க சார், எது ஏன்?"

சம்பந்தி ஷம்ஷாத்தைப் பார்த்தார். ஷம்ஷாத் சம்பந்தியைப் பார்த்தாள். சொன்னது சொன்னபடி நடக்க வேண்டுமென்கிற மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர ஏன் சாச்சுப் படுக்க வெச்சீங்க?"

"அருமையான கேள்வி," என்றார் ஸ்ரீநாத். சரவணக்குமார் பதில் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஹஜ்ரத் துஆ ஓதினார். மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கம் போய் மர்வாவுக்குப் பூ வைத்து, மோதிரம் போட்டு, வாயில் சர்க்கரை ஊட்டினாள். சரவணக்குமார் முடித்ததும் மாப்பிள்ளையின் மாமா எழுந்தார்.

"பூஜைக்கு ஏன் மெஷின நிறுத்தல?"

அதற்குத் தலைவர் நீண்ட பதில் சொன்னார். அந்தப் பதில் முடிவதற்குள் நிக்காஹ் தேதி பேசி முடித்தார்கள். தேக்ஷா திறந்தது. கமிட்டிக்கும் தட்டு வந்தது. தலைவரின் மனைவி எடுத்து வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, தாளிச்சா கேட்டு வாங்கினாள். ஸ்ரீநாத் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டினார்.

"முடிச்சிடலாமா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் யாரோ ஒருவர் ஏன் என்றார். ஒரு சின்னப் பெண் ஏன் என்று சும்மா கேட்டுவிட்டு ஓடினாள். அதற்கும் சரவணக்குமார் அயர்லாந்திலிருந்து ஆரம்பித்துப் பதில் சொன்னார். பெரியம்மா ருசி கண்டுவிட்டாள். வாயில் வெற்றிலையோடு, "அதான் ஏன்னு கேக்கறேன்," என்று இரண்டு தடவை கேட்டாள். ராஷித்கூட ஒரு தடவை எழுந்து, மர்வா பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, கேட்டான்.

கடைசிப் பந்தியும் எழுந்து, வேன்களில் ஆட்கள் ஏறத் தொடங்கியதும் ஷம்ஷாத் முன்னால் வந்தாள்.

"ஸ்ரீநாத் சார், இனிமே ஏன் இல்ல. முடிச்சிக்கலாம்."

ஸ்ரீநாத் முடித்தார். சங்க வரலாற்றில் மக்கள் இவ்வளவு ஆர்வமாய்க் கேள்வி கேட்ட கூட்டம் இன்னொன்று இல்லையென்று குறிப்பெழுதினார். சம்பந்தி போகும்போது உஸ்மான் கனியைத் தழுவிக்கொண்டார். "நல்ல சங்கம்," என்றார். வேனில் ஏறிய பிறகு அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

தலைவர் இனிப்புப் பொட்டலத்தோடு வாசலில் நின்று விடைபெற்றார். வயிறு நிறைந்ததில் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பாய், சகோதரி, ஓர் உறுதி தருகிறேன். நிக்காஹ்வுக்கும் இதே ஹால்தான். அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரை எப்பாடுபட்டாவது சரி பண்ணிவிடுவோம்."

"வேணாம் சார்," என்றாள் ஷம்ஷாத். "அது அப்படியே இருக்கட்டும். நீங்க அன்னிக்கும் ஒரு மீட்டிங்கப் போடுங்க."